வெட்டிவிட்ட ஓரம்

ஜனவரி 9

அன்புள்ள சிட்டுவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் கழுத்துவலி எப்படி இருக்கிறது? மைக்ரோஸ்கோப் முன்னால் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு உட்காராதே என்று உன் அண்ணன் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். அவர் பேச்சை நீ என்றைக்குக் கேட்டாய், இன்றைக்குக் கேட்க.

பெட்டியில் நான்கு மாதிரிகள் இருக்கின்றன, ஐந்திலிருந்து எட்டு வரை. ஐந்தும் ஆறும் மூன்று, நான்கு அடுக்கு. எட்டில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. ஏழாம் எண்தான் பொக்கிஷம். ஒரே ஒரு அடுக்கு, மூன்று அணு கனம். படிகத்தின் மேல் டேப்பை ஒட்டி உரித்து, உரித்ததை மறுபடி உரித்து, நாற்பது நாளில் கிடைத்த ஒன்று. அதைக் கிரிட் என்கிற சல்லடைத் தட்டின் ஓட்டைமேல் போடும் நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். உலையைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் (இங்கே எல்லோருக்கும் அவள் உலையம்மா) சிரித்த சிரிப்பு மூன்றாவது அறைவரை கேட்டது. படிகம் வளர்ந்த இருபத்தொரு நாளும் பகலெல்லாம் மணிக்கு ஒரு தடவை சூட்டைப் பார்த்துக் குறித்தவள் அவள்தான். சிரிக்க உரிமை உண்டு.

நேற்று உன் அண்ணன் கேட்டார், "அப்படி அதுல என்னதான் பாக்கப் போறீங்க?" நான் சொன்னேன், "சாதாரணமா அந்தப் பொருள்ல எலக்ட்ரான் எல்லாம் சந்தைக் கூட்டம் மாதிரி இஷ்டத்துக்கு ஓடிக்கிட்டிருக்கும். குளிர வெச்சா ஒரு கட்டத்துல எல்லாம் வரிசையா உக்காந்துடும், மின்சாரம் ஓடாது. கட்டியான படிகத்துல மைனஸ் தொண்ணூறுல அது நடக்குது. ஒத்தை அடுக்குல எப்ப நடக்கும், எந்த இடத்துல ஆரம்பிக்கும்னு படம் எடுக்கணும்." "உக்கார்றதைப் படம் எடுக்கவா இவ்வளவு கூத்து?" என்றார். விஞ்ஞானிகளின் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர், பாவம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மைக்ரோஸ்கோப்பின் எலக்ட்ரான் பீமை மிகக் குறைவாக வை. ஏழாம் எண் தாங்காது. காலிப் பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது வழக்கம்போலக் கடிதமும் வரவேண்டும். போனில் நீ "உம்", "சரி அண்ணி" தவிர எதுவும் பேசுவதில்லை.

உன் அண்ணி


ஜனவரி 30

அன்புள்ள அண்ணி,

நலம். கழுத்துவலி போன இடம் தெரியவில்லை, ஏனென்றால் பார்த்துவிட்டோம்! கட்டிப் படிகத்தைப்போல மைனஸ் தொண்ணூறுவரை போகவே இல்லை. மைனஸ் அறுபதிலேயே வந்துவிட்டது. சாம்பல் நிறப் பரப்பில் முதலில் ஒரு கரும்புள்ளி. பிறகு இரண்டு, ஐந்து. சிமெண்ட் தரையில் தூறல் விழுகிற மாதிரி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளிகள் தீவுகளாகி ஒன்றை ஒன்று தொட்டன. அந்தத் தீவுகளுக்குள் எலக்ட்ரான்கள் உட்கார்ந்துவிட்டன, அண்ணி. மதியம் மூன்று மணி. சாப்பிடவில்லை என்பதே நினைவில்லை.

எங்கள் ஆய்வகத் தலைவர் படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. கட்டுரையை இப்போதே எழுதச் சொல்கிறார். படத்தின் ஒரு பிரதியை இதில் வைத்திருக்கிறேன். ஓரங்களில் டேப் பசை மாதிரித் தெரிந்ததால் வெட்டிவிட்டேன்.

ஏழாம் எண் இனி இல்லை. வெளியே எடுக்கும்போது கிழிந்துவிட்டது. திட்டாதீர்கள்.

அண்ணனுக்கு என் அன்பு. உலையம்மாவுக்கு என் வணக்கம்.

சிட்டு


பிப்ரவரி 12

அன்புள்ள சிட்டு,

சுகம், சுகம், சுகம். இதைத் தவிர எழுதத் தோன்றவில்லை. கிழிந்தால் கிழியட்டும், அதன் பிறவிப் பயனை அடைந்துவிட்டது.

படத்தை உலைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். உலையம்மா பக்கத்தில் போய்ப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள். "நம்ம உலையில வெந்ததா மேடம் இது?" என்றாள். ஆமாம் என்றேன். "எனக்குப் பார்த்தா பூஞ்சக்காளான் பிடிச்ச சுவர் மாதிரி இருக்கு. ஆனா நல்லா இருக்கு." மறுநாள் ஒரு நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

துறைத்தலைவரே வந்து பார்த்துவிட்டுப் போனார். உலையம்மாவின் வேலை வருஷா வருஷம் ஒப்பந்தத்தில் நீளுவது உனக்குத் தெரியும். இனி நிரந்தரமாக்க எழுதுகிறேன் என்று அவர் வாயாலேயே சொன்னார். அன்று முழுவதும் அவள் நடையே வேறாக இருந்தது.

புதிய படிகத்திலிருந்து உரித்த ஒன்பது முதல் பன்னிரண்டு வரை இதில் இருக்கின்றன. நான்குமே ஒற்றை அடுக்கு. கை பழகிவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி


மார்ச் 18

அன்புள்ள அண்ணி,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். ஒன்பது, பத்து, பன்னிரண்டு மூன்றையும் பார்த்தேன். மைனஸ் நூற்றைம்பதுவரை போயும் தீவுகள் வரவில்லை. பதினொன்றில் விரிசல். தலைவர் காரணம் கேட்கிறார். படிகத்தில் ஏதாவது மாறியிருக்குமோ?

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சிட்டு


மார்ச் 30

அன்புள்ள சிட்டு,

சுகம்தான். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்தேன். அதே தூள், அதே குவார்ட்ஸ் குழாய், அதே அளவு அயோடின். உலை நோட்டில் மட்டும் ஓரிடம் இடிக்கிறது. இந்தப் படிகம் வளர்ந்த பதினேழாம் நாள், மதியம் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எதிரே ஒன்றும் எழுதவில்லை. அன்று நான் ஊரில் இல்லை. உலையம்மாவைக் கேட்டேன்.

"சூடு பதிவாகிற பேப்பர் சிக்கிக்கிச்சு மேடம். அதைப் பிரிச்சுக்கிட்டிருந்தேன்."

"ரெண்டு மணி நேரமா?"

"பிரிச்சுத் திரும்ப மாட்டவேண்டாமா? ஆனா உலைப் பக்கத்துலதான் இருந்தேன். சூடு இறங்கல."

"இறங்கலைன்னு எப்படித் தெரியும்? எழுதலையே."

சூடு முப்பது டிகிரி இறங்கினாலே படிகத்தில் கந்தகம் குறையலாம். குறைந்தால் தீவு வராமல் போகலாம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிற மாதிரி இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் பக்கம் எதுவும் மாறவில்லையே? பீம், குளிர்மேடை எல்லாம் ஏழாம் எண்ணுக்கு வைத்த அதே அளவுதானே? கேட்கவேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

மறுபடி உலையை ஏற்றிவிட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணி,

நலம். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. அறையில் மின்விசிறியைப் போட்டால் சத்தம், போடாவிட்டால் புழுக்கம். கழுத்து மறுபடி வலிக்கிறது, வெந்நீர்ப் பை வைத்துக்கொள்கிறேன். அண்ணனின் பிறந்தநாளுக்குச் சட்டை அனுப்பியிருக்கிறேன். அளவு சரியாக இருக்கிறதா? போன வருஷத்தைவிட ஒரு சுற்றுப் பெருத்திருப்பார் என்று கணக்குப் போட்டு வாங்கினேன்.

என் பக்கம் எல்லாம் அதேதான்.

கட்டுரையை அனுப்பியாகிவிட்டது. மதிப்பிடுகிறவர்களில் ஒருவர் வெட்டாத முழுப் படத்தைக் கேட்டிருக்கிறார். தலைவர் தேடித் தரச் சொன்னார். தேடவேண்டும்.

புதிய படிகத்துக்கு அவசரப்படாதீர்கள் அண்ணி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிட்டு


ஜூன் 3

அன்புள்ள சிட்டு,

சுகம் என்று எழுதுவது பழக்கம், எழுதுகிறேன்.

பதின்மூன்று முதல் பதினாறு வரை இதில் இருக்கின்றன. இந்த முறை உலையை நானே பார்த்துக்கொண்டேன். உலையம்மா போன மாதத்தோடு நின்றுவிட்டாள். நின்றுவிட்டாள் என்று எழுதுவது சரியில்லை. துறைத்தலைவர் என்ன நடந்தது என்று எழுதிக் கேட்டார். பதினேழாம் நாள் உலை கவனிப்பில் இல்லாமல் போயிருக்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். "லாம்" போட்டுத்தான் எழுதினேன். மேலே போன காகிதத்தில் அந்த "லாம்" இல்லை. ஒப்பந்தம் நீளவில்லை.

அதற்கு முன்னால் அவளை எத்தனை தடவை உட்காரவைத்துக் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. "நல்லா யோசிச்சுப் பாரு. கொஞ்ச நேரம் வெளியில போனியா? கண் அசந்துட்டியா? சொன்னா ஒண்ணும் ஆகாது." முதலில் இல்லை இல்லை என்றாள். பிறகு இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். கடைசி நாள், "தெரியல மேடம், நீங்க சொல்றீங்கன்னா இருக்கும்" என்றாள். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள்.

இந்த நான்கிலாவது வந்தால் நான் செய்தது சரி என்று ஆகும். சீக்கிரம் பார்த்துச் சொல்.

அண்ணி


ஜூலை 1

சிட்டு,

அண்ணன் எழுதுகிறேன். நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். சட்டை சரியாக இருக்கிறது, உன் கணக்கு தப்பவில்லை.

பெட்டி கிடைத்ததா? நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் எடுப்பதில்லை. உன் அண்ணி சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நேற்று, "அந்தம்மாவை அனுப்பிட்டேனே, சரியா தப்பான்னு சிட்டு சொன்னாத்தான் தெரியும்" என்றாள். உங்கள் தீவும் அடுக்கும் எனக்குப் புரியாது. உன்னைப் புரியும். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டால் நீ மூன்று நாளைக்குப் பேசமாட்டாய்.

உன் அண்ணியிடம் சொல்லாமல்தான் எழுதுகிறேன்.

அண்ணன்


ஜூலை 14

அண்ணி,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இருப்பதாகத் தெரியவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் படிகத்தில் ஒரு குறையும் இல்லை. முதலாவதிலும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை, மூன்றாவதிலும் இல்லை. உலையம்மா எந்தத் தப்பும் செய்யவில்லை. தப்பு ஜனவரியிலேயே என் கையில் நடந்தது.

அன்று ஏழாம் எண்ணை நீங்கள் சொன்ன அளவில்தான் பார்க்கத் தொடங்கினேன். படம் மங்கல், வெறும் சாம்பல். மைனஸ் அறுபதில் பொறுமை போயிற்று. மைக்ரோஸ்கோப்பை ஓட்டுகிற இன்ஜினியர் சாப்பிடப் போயிருந்தார். பீமைக் கொஞ்சம் ஏற்றினேன். படம் பளிச்சென்றது. இன்னும் ஏற்றினேன், எட்டு மடங்கு. அப்போதுதான் முதல் புள்ளி வந்தது. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை.

பிறகு சுற்றுப்புறத்தையும் பார்க்கலாம் என்று படத்தைச் சிறிதாக்கினேன். தீவுகள் எல்லாம் ஒரு சதுரத்துக்குள் இருந்தன, அண்ணி. நான்கு பக்கமும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. சதுரத்துக்கு வெளியே ஒரு புள்ளி இல்லை. பீம் விழுந்த இடம் அந்தச் சதுரம்தான். எலக்ட்ரான்கள் தாமாக உட்கார்ந்தால் தீவின் ஓரம் நேர்கோட்டில் நிற்காது. அவை தாமாக உட்காரவில்லை. நான்தான் பீமால் சுட்டு உட்காரவைத்தேன்.

பார்த்த அந்த நொடியே எனக்குத் தெரியும். டேப் பசையாக இருக்கும் என்று எனக்கே ஒரு கதை சொல்லிக்கொண்டு ஓரங்களை வெட்டினேன். ஏழாம் எண் கிழியவும் இல்லை. இன்னொரு தடவை பார்க்கப்போய் நடுவில் ஓட்டை விழுந்து கருகிப்போயிற்று.

அடுத்த மாதிரிகளைப் பார்க்கும்போது இன்ஜினியர் பக்கத்தில் இருந்தார், பீமை ஏற்ற முடியாது என்று எனக்கே சாக்குச் சொன்னேன். அதுவும் முழு உண்மை இல்லை. ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால்தான் ஏற்றவில்லை. நீங்கள் மார்ச்சில் நேராகக் கேட்டீர்கள். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் இருந்தேன். பிறகு வெயிலைப் பற்றி எழுதினேன். "எல்லாம் அதேதான்" என்று எழுதியபோது எனக்கு உலையம்மா நினைவே வரவில்லை. என் படம் மட்டும்தான் நினைவில் இருந்தது. உங்கள் ஜூன் கடிதத்தைப் படித்த பிறகு ஆய்வகத்துக்கு வேறு வழியில் போக ஆரம்பித்தேன். வழக்கமான வழியில் கூரியர் அலுவலகம் இருக்கிறது.

நேற்று முன்தினம் இன்ஜினியரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பதினான்காம் எண்ணை எடுத்தேன். மைனஸ் அறுபது, குறைந்த பீம், ஒன்றுமில்லை. ஏற்றினேன், சதுரம் நிறையத் தீவுகள். பக்கத்தில் வேறொரு இடத்துக்கு நகர்த்தி ஏற்றினேன், அங்கேயும் ஒரு சதுரம். இன்ஜினியர், "இது தெரிஞ்சுதான் வெட்டினீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

தலைவரிடம் சொல்லிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். ஒரு வருஷத்துக்கு நான் மைக்ரோஸ்கோப்பைத் தொடக்கூடாது. உங்கள் துறைத்தலைவருக்கும் கல்லூரி முதல்வருக்கும் தனித்தனியே எழுதி, முழுப் படத்தையும் வைத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு பிரதி இதில் இருக்கிறது. ஓரம் வெட்டவில்லை.

ஒற்றை அடுக்கில் அந்த மாற்றம் உண்மையில் நடக்கிறதா என்று யாருக்கும் இன்னும் தெரியாது. எனக்குத் தெரிந்தது மாதிரி எட்டு மாதம் — இல்லை, ஆறு மாதம். இதிலும் கூட்டிச் சொல்லப் பார்க்கிறேன் — நடித்தேன்.

சிட்டு


ஆகஸ்ட் 25

சிட்டு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. எழுதினால் என்ன எழுதுவேனோ என்று பயந்து எழுதாமல் இருந்தேன். உன் அண்ணன் இரண்டு தடவை பேனாவை எடுத்துக் கையில் கொடுத்தார்.

முதலில் கோபம், அதை மறைக்கப்போவதில்லை. படத்தைச் சுவரிலிருந்து எடுத்தேன். பிறகு உலையம்மாவைத் தேடிப் போனேன். பேருந்து நிலையத்தின் பின்பக்கம் ஒரு பேக்கரியில் ரொட்டி அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார். முகம் வேர்த்திருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாவுத்தட்டை இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் தூங்கலையா மேடம்?" என்றார்.

சிட்டு, இந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. அன்று என்ன செய்தோம் என்று தெரியவேண்டியவர் அவர். என்னிடம் கேட்கிறார்.

கல்லூரியில் திரும்பக் கூப்பிடுகிறார்கள், வாங்க என்றேன். அதே வேலை, நிரந்தரமாக. வரவில்லை என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "உலை முன்னாடி நின்னா கை நடுங்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்கப்புறம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. உன்மேல் இருந்த கோபத்தில் அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். உன்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். அதுவும் "கேட்கவேண்டும் என்பதற்காக" என்று தடவிக்கொடுத்துக் கேட்டேன். நீ ஒரு வரியில் பதில் சொன்னாய், நம்பினேன். அவரை நாற்பது தடவை கேட்டேன், கடைசி நாள்வரை இல்லை என்றார், நம்பவில்லை. நீ எங்கள் வீட்டுப் பெண். அவர் உலை பார்க்கிறவர். காரணம் இவ்வளவுதான். அந்தப் பொய் உன்னுடையது. அதை நம்பினது நான், அதற்கு யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

நீ எனக்கு எழுதியாயிற்று, தலைவர்களுக்கு எழுதியாயிற்று. அவருக்கு எழுதவில்லை. எழுதாதே. நேரில் வந்து சொல். வந்தால் நம் வீட்டில்தான் தங்குகிறாய். கோபம் இருக்கிறது என்பதற்காக வெளியில் தங்கவைக்க மாட்டேன்.

அண்ணி


செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணி,

ரயில் நேரத்துக்கு வந்தது, சுகமாகச் சேர்ந்தேன். வீட்டில் இருந்த இரண்டு நாளும் பேக்கரியில் நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. நீங்களும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் போனபோது நாலரை மணி. அடுப்பில் பன் வெந்துகொண்டிருந்தது. யார் என்று சொன்னேன். "இறக்கிட்டு வர்றேன், உக்காருங்க" என்றார். ஒரு தட்டு, இரண்டு தட்டு, ஆறு தட்டு இறக்கினார். அவசரப்படவே இல்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றார்.

நான் ரயிலில் யோசித்து வைத்தது எல்லாம் மறந்துவிட்டது. "நான் பொய் சொன்னேன். அதனால உங்க வேலை போச்சு. மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றேன்.

"வேலை போனது போகட்டும். வேலை கெடச்சிருச்சு" என்றார். "உங்க அண்ணி கேட்டுக் கேட்டு, கடைசில எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நான்தான் தூங்கிட்டேனோன்னு. நெசமா அன்னிக்கு அந்த பேப்பரைப் பிரிச்சது ஞாபகம் இருக்கு. அப்புறம், இல்ல, அது கனவோன்னு தோணும். இப்ப எதைச் செஞ்சாலும் அப்படித்தான். அடுப்பை அணைச்சேனா, கதவைப் பூட்டினேனா, ஒண்ணும் நிச்சயமா தெரியல. நீங்க படிச்சவங்க. அதைச் சரி பண்ண ஏதாவது வழி இருக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை அண்ணி. மருந்துக்கடையில் கேட்கிற மாதிரிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். ஜனவரியிலிருந்து நான் சொன்ன முதல் சுத்தமான பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆறு மணிக்குக் கடையின் பின்கட்டைப் பூட்டினார். பேருந்து நிறுத்தம்வரை கூட வரலாமா என்று கேட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். நடந்தோம். தெருமுனை தாண்டியதும் நின்றார். "அடுப்பை அணைச்சேன்ல?"

அணைத்ததை நான் பார்த்தேன். சொன்னேன். தலையை ஆட்டினார், ஆனால் கால் திரும்பிவிட்டது. திரும்பிப் போய்ப் பூட்டைத் திறந்து, அடுப்பின் கதவில் கையை வைத்துப் பார்த்து, மறுபடி பூட்டினார். மறுபடி நடந்தோம். தபால்பெட்டி வரைக்கும் போய், மறுபடி நின்றார்.

நான் சொல்வதை அவர் ஏன் நம்பவேண்டும்?

நான்கு தடவை திரும்பிப் போனார். நான்கு தடவையும் கூடப் போனேன். நான்காம் தடவை சாவியை என் கையில் கொடுத்து, "நீங்க பூட்டுங்க, நான் பாக்கறேன்" என்றார். பூட்டினேன். இழுத்துப் பார்த்தார். இரண்டு பேருந்துகள் போய்விட்டன. மூன்றாவதில் ஏறினார்.

அடுத்த மாதம் மறுபடி வருகிறேன். அண்ணனிடம் சொல்லுங்கள்.

சிட்டு